அடைக்காத வடிகட்டி

மேசை என்றுதான் சொன்னார்கள். ஏறிப் படுத்த பிறகல்லவா தெரிந்தது, அது வெறும் பலகை. குழாய்க்காரரின் இரண்டு தோள்களும் ஓரத்துக்கு வெளியே பிதுங்கி நின்றன. நர்ஸ் அவர் கைகளை உடம்போடு ஒட்டி வைத்தாள். ஒரு துணியால் சுற்றி, துணியின் நுனிகளை அவர் முதுகுக்கு அடியிலேயே செருகிவிட்டாள். ஆளின் கனமே ஆளைக் கட்டிப்போடுகிற ஏற்பாடு. வேலை தெரிந்தவள் கட்டின கட்டு என்று அவருக்கே ஒரு மரியாதை வந்தது.

பிறகு தலையை இடப்பக்கம் திருப்பி வைத்து, வலது கழுத்தில் சில்லென்று மருந்து தடவினார்கள். பச்சைத் துணியை முகத்தின் மேலேயே போட்டார்கள். மூச்சு விடுவதற்கென்று இடப்பக்கம் மட்டும் கூடாரத்து வாசல் போல ஒரு வழி. அந்த வழியில் அவருக்குக் கிடைத்த உலகம் இவ்வளவுதான்: ஒரு ஸ்டூலின் கால், ஒரு முழம் சுவர், சுவருக்குள் போகிற ஆக்சிஜன் குழாய். அந்தக் குழாயின் வளையத்தை எவனோ கோணலாக மாட்டியிருந்தான். இன்னும் எத்தனை மணி நேரம் ஆகுமோ, அதுவரை அந்தக் கோணலைத்தான் பார்த்துக்கொண்டு கிடக்கவேண்டும். மற்றவர்களுக்கு அது ஒன்றுமில்லை. முப்பது வருஷமாகக் குழாய் மாட்டுகிற மனிதருக்கு அது கண்ணில் விழுந்த மணல்.

இவர் இங்கே வந்து படுத்த கதை ஒன்பது வருஷத்துக் கதை.

மாடித் தொட்டிக்கு இணைப்புக் கொடுக்க ஏறினவர் ஏணியோடு சரிந்து விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது, மண்டைக்குள்ளும் கொஞ்சம் ரத்தக்கசிவு. படுக்கையில் கிடந்த பத்தாம் நாள் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. உள்ளே ரத்தம் கட்டிப்போயிருக்கிறது என்றார்கள். கட்டி பிய்த்துக்கொண்டு நெஞ்சுக்கு ஏறினால் ஆள் அவ்வளவுதான். கரைக்க மருந்து கொடுக்கலாமென்றால் மண்டைக்குள் ரத்தம் கசிகிறது, கொடுக்க முடியாது. அதனால் வயிற்றுக்குள் போகிற பெரிய ரத்தக்குழாயில் ஒரு வடிகட்டி வைத்தார்கள். விரித்த குடைக்குத் துணி இல்லாமல் கம்பிகள் மட்டும் இருந்தால் எப்படி இருக்கும், அந்த மாதிரி. உச்சியில் ஒரு கொக்கி. விரல் நீளம்கூட இல்லை. கீழேயிருந்து கட்டி எது வந்தாலும் அதில் மாட்டிக்கொள்ளும், இதயத்துக்குப் போகாது.

அது உயிரைக் காப்பாற்றியது. அதை இல்லையென்று சொல்லக்கூடாது.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று, மூன்று மாதம் கழித்து வந்து அதை எடுத்துவிட வேண்டும் என்று அந்த டாக்டர் சொன்னார். குழாய்க்காரரின் மனைவி அப்போது மருந்து வாங்குகிற வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். கேட்டது இவர் ஒருவர்தான். தலையை ஆட்டிவிட்டு, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். வடிகட்டி விஷயத்தில் இவருக்கே பாடமா? எத்தனை வீட்டில் எத்தனை வடிகட்டி மாட்டியிருக்கிறார். தண்ணீர் வருகிறதா, விட்டுவிடு. தண்ணீர் நூலாக வடிகிறதா, அப்போது கழற்று. ஓடுகிற குழாயில் கை வைக்கிறவன் வேலைக்காரனே இல்லை. அடைக்காத வடிகட்டியை எவனாவது கழற்றுவானா?

மருந்தோடு திரும்பி வந்த மனைவியிடம் ஒரே வரியில் முடித்தார்: "அது ஆயுசுக்கும் உள்ளேயே இருக்கறதாம்."

மூன்று மாதம் கழித்து மருத்துவமனையிலிருந்து அவருடைய கைப்பேசிக்கு அழைப்பு வந்தது. அப்போது ஒரு மொட்டைமாடியில் நின்றார், வருகிறேன் என்றார். இரண்டாம் முறை யாரோ ஒருவருடைய குளியலறையில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தார், அப்போதும் வருகிறேன் என்றார். மூன்றாம் முறை பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தபோது வந்தது. பேசின பெண் விடவில்லை. நாள் ஆக ஆக அது சதையோடு ஒட்டிக்கொள்ளும் ஐயா, அப்புறம் எடுப்பது கஷ்டம், தயவுசெய்து வாருங்கள் என்று வயசுக்கு மீறின பொறுமையோடு சொன்னாள். அன்றைக்கு அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கியும் போகவில்லை. முதல் தடவை போகாததற்குத் தொழில்புத்தி காரணம். மூன்றாம் தடவை போகாததற்குப் பயம்தான் காரணம். மறுபடி அந்த ஊசி, அந்தக் கட்டில், அந்த மருந்து நாற்றம். பயத்துக்குத் தொழில்புத்தியின் சட்டையைப் போட்டுவிட்டார், அவ்வளவுதான்.

போன வருஷம் குனிந்து நிமிரும்போதெல்லாம் முதுகில் முள் குத்துகிற மாதிரி ஒரு வலி ஆரம்பித்தது. படம் எடுத்தார்கள். குடைக்கம்பிகள் ரத்தக்குழாயின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டியிருந்தன. ஒன்று நேராக முதுகெலும்பை உரசிக்கொண்டு நின்றது. உச்சிக் கொக்கியோ சாய்ந்து போய்ச் சுவரில் புதைந்து, மேலே சதை மூடியிருந்தது. ஓர் ஆஸ்பத்திரியில் கழுத்து வழியாகச் சுருக்குக் கம்பி விட்டு இரண்டு மணி நேரம் துழாவிப் பார்த்தார்கள். கொக்கி அகப்படவில்லை. எங்களால் ஆகாது என்று கையை விரித்து, இந்தப் பெரிய இடத்துக்கு எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள்.

இங்கேதான் குட்டு உடைந்தது.

நாலு நாளைக்கு முன்பு டாக்டரம்மா திரையைப் புருஷன் பெண்சாதி இரண்டு பேர் பக்கமும் திருப்பி வைத்துக்கொண்டு எல்லாம் விளக்கினார். வெளியே வந்துவிட்டால் மறுபடி வேலைக்குப் போகலாம். வராவிட்டால் வலியோடும் மாத்திரையோடும் காலந்தள்ள வேண்டும், கம்பி எந்தப் பக்கம் இன்னும் போகும் என்று சொல்லமுடியாது. இழுக்கும்போது பெரிய குழாய் கிழிந்தால் உடனே வயிற்றைத் திறக்கவேண்டும். பிழைப்பதும் பிழைக்காததும் அப்போது நிமிஷக் கணக்கு. ஒளிக்காமல் சொன்னார். சொல்லிவிட்டுப் பழைய காகிதங்களைப் புரட்டி, சாதாரணமாகத்தான் கேட்டார்: "இதை மூணு மாசத்துல எடுத்திருக்கணுமே. மூணு தடவை போன் பண்ணினதா எழுதியிருக்காங்க. ஏன்யா வரலை?"

அவர் மனைவியைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். எந்த வீடு, எந்தக் குழாய், சொட்டுகிறதா பீறிடுகிறதா, எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று அத்தனையையும் அவள் நோட்டில் எழுதிவைப்பாள். இருபது வருஷத்தில் ஓர் அழைப்பு தவறினதில்லை. அப்படிப்பட்டவளுக்குத் தெரியாமல் மூன்று அழைப்பு.

"வேலை இருந்தது," என்றார் குழாய்க்காரர்.

அன்றிலிருந்து நாலு நாளாக அவள் அவரிடம் சொல்லவேண்டியதை எல்லாம் தன் தம்பி மூலமாகத்தான் சொன்னாள். மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள்.

"அத்தான், மாத்திரை போட்டாச்சான்னு அக்கா கேக்கறா."

"போட்டாச்சுன்னு சொல்லுப்பா."

"அக்கா, அத்தான் போட்டாராம்."

"எனக்கென்ன காதா செவிடு," என்பாள் அவள், சுவரைப் பார்த்து.

இன்று காலை அவரைத் தள்ளிக்கொண்டு வரும்போது கதவு வரைக்கும் கூடவே நடந்து வந்தாள். இப்போதாவது பேசுவாள் என்று தள்ளுவண்டிக்காரர்கூட ஒரு நிமிஷம் நிறுத்திக் கொடுத்தார். அவள் குனிந்து, அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, திரும்பிப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. திட்டை வாங்கி வைக்க மனுஷனுக்குள் இடம் இருக்கும். பேசாமல் போனதை எங்கே வைப்பது?

"ஐயா, கழுத்துல ஒரு ஊசி. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்," என்றது டாக்டரம்மாவின் குரல்.

எறும்பு இல்லை, கட்டெறும்பு. பிறகு கழுத்து மரத்துப்போய், அழுத்தம் மட்டும் மிஞ்சியது. ஏதோ ஒரு குழல் தன் கழுத்து வழியாக இறங்கி நெஞ்சைக் கடந்து வயிற்றுக்குள் போகிறது என்பது அறிவுக்குத் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. தலைக்கு மேல் எக்ஸ்ரே இயந்திரம் முனகிக்கொண்டு வந்து நின்றது. மருந்து ஏற்றினார்கள். நெஞ்சிலிருந்து அடிவயிறு வரை வெந்நீரை ஊற்றினாற்போலச் சூடு பரவியது. படுக்கையை நனைத்துவிட்டோமோ என்று அவருக்கு ஒரே கூச்சம். எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும், நீங்கள் நனைக்கவில்லை என்று நர்ஸ் கேட்காமலே சொன்னாள்.

மூச்சை இழுங்கள், பிடியுங்கள், அசையாதீர்கள், விடுங்கள். இதுவே முதல் மணி நேரம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவர் வாயாலேயே பிழைத்தவர். சுத்தியலைவிட வாய்தான் அதிகம் வேலை செய்யும் என்று மைத்துனன் கேலி செய்வான். அந்த வாய்க்கு இன்று பூட்டு. பேசினால் கழுத்து அசையும், கழுத்து அசைந்தால் குழல் நகரும்.

இந்த நேரம் பார்த்து மூக்கு அரித்தது.

கொஞ்சநஞ்ச அரிப்பில்லை. கைகள் இரண்டும் சொந்தக் கனத்தாலேயே சிறைப்பட்டிருந்தன. நூறுவரை எண்ணினார். கோணல் வளையத்தைப் பார்த்தார். கடைசியில் உதட்டை மட்டும் அசைத்து "மூக்கு" என்றார். நர்ஸுக்கு உடனே புரிந்தது. பஞ்சைச் சுற்றிய குச்சியோடு கூடார வாசலில் குனிந்தவள், இங்கேயா, இன்னும் மேலேயா என்று பொறுமையாகக் கேட்டு, சொறிந்து கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்குக் கோடி புண்ணியம்.

சுருக்குக் கம்பிக்குக் கொக்கி இங்கேயும் சிக்கவில்லை. டாக்டரம்மா அதைத் தூக்கி வைத்துவிட்டு நீளமான ஓர் இடுக்கியைக் குழலுக்குள் இறக்கினார். கொக்கியை மூடின சதையைக் கிள்ளிக் கிள்ளி எடுக்கிற வேலை அது. ஒவ்வொரு கிள்ளுக்கும் வயிற்றுக்குள் எங்கேயோ ஒரு நூல் இழுபடுவது போல இருந்தது. இரண்டாம் மணி முடிகிற சமயம் "கொக்கி தெரியுது, பிடிச்சாச்சு" என்றார். அறையில் எல்லாரும் ஒன்றாக மூச்சு விட்டது அவருக்குக் கேட்டது. தானும் விடலாம் என்று யாரும் சொல்லவில்லை. பிடித்தே வைத்திருந்தார்.

கொக்கியைப் பிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தவருக்கு, வேலை அப்போதுதான் ஆரம்பம் என்று தெரிந்தது. இனி குழலைக் கம்பிகளின் மேல் உறை மாதிரி ஏற்றி, குடையை மடக்கவேண்டும். ஒட்டின சதையைக் குழல் நுனியிலுள்ள லேசர் ஒளி கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொடுக்கும். மூன்று கம்பி மடங்கியது. நாலாவதும் ஐந்தாவதும் மடங்கின. முதுகெலும்புப் பக்கத்துக் கம்பி மட்டும் மாட்டேன் என்றது. அதை இழுத்தபோது அவருக்கு முதுகு முழுவதும் மின்சாரம் பாய்ந்த மாதிரி ஆயிற்று. கத்தினால் உடம்பு குலுங்கும். திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருப்பானோ, அப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். கண்ணீர் மூக்கின் மேலாக ஓடி மறுகண்ணுக்குள் போனது. துடைக்கக்கூட வழியில்லை.

மூன்று மணி நேரம் பத்து நிமிஷம் என்று யாரோ நேரத்தைப் படித்தார்கள். எக்ஸ்ரேக்கு ஒரு வரம்பு உண்டாம், அது நெருங்குகிறது என்றார்கள்.

துணிக்கு அடியிலிருந்து குழாய்க்காரருக்கு டாக்டரம்மாவின் முகம் தெரியவில்லை. ஆனால் அந்தக் கை தெரியும். மூன்று மணி நேரமாக அந்தக் கையின் நுனி அவருக்குள்ளேதானே இருக்கிறது. முதல் மணியில் அது பூட்டுத் திறக்கிற கை மாதிரி இருந்தது, ஓசையில்லாமல் தேடியது. இப்போது ஒவ்வோர் இழுப்பின் கடைசியிலும் ஒரு சின்ன நடுக்கம். அடுத்த இழுப்பு முன்னதைவிட அவசரம். அப்போதுதான் அந்த வார்த்தை காதில் விழுந்தது.

"இன்னும் ஒரே ஒரு தடவை. கொஞ்சம் பலமா இழுத்துப் பார்த்துட்டு, வரலைன்னா முடிச்சுக்கலாம்."

அந்த வாக்கியம் அவருடைய வாக்கியம். வேலைக்காரர்கள் அதற்குக் கடைசி இழுப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒருமுறை சுவருக்குள் துருப்பிடித்து இறுகின குழாய்த்துண்டு ஒன்றோடு பகல் பூராவும் மல்லுக்கு நின்றார். பசி, எரிச்சல், கையில் தெம்பில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை என்று முறுக்குச்சாவியில் முழுக்கனத்தையும் போட்டார். துண்டு சுவருக்குள்ளேயே ஒடிந்தது. மூன்று மாடிக்குத் தண்ணீர் இறங்கி, கீழ்வீட்டுக்காரர் கட்டிலோடு மிதந்தார். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். கடைசி இழுப்பு என்று மனசு சொன்னதுமே சாவியைக் கீழே வைத்துவிடுவார். கை கழுவி, தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் மறுபடி தொடுவார். பதறாத காரியம் சிதறாது.

ஆனால் அது சுவர். இது அவர்.

பேசாமல் கிடந்தால் இரண்டே நிமிஷத்தில் எது எப்படியானாலும் இந்தத் துணி விலகும். இந்தக் கட்டு அவிழும். அந்த நிமிஷம் அவர் கேட்டது அது ஒன்றைத்தான். வாயைத் திறந்தால் இன்னும் எவ்வளவு நேரம் கிடக்கவேண்டுமோ. இருதலைக் கொள்ளி எறும்பு எந்தப் பக்கம் ஓடும்?

"டாக்டரம்மா."

"பேசாதீங்கய்யா. கழுத்து ஆடுது."

"ஆடாமத்தான் பேசறேன். நீங்க கொஞ்சம் கையை எடுத்துட்டு, போய்த் தண்ணி குடிச்சுட்டு வாங்க. நான் எங்கேயும் ஓடிட மாட்டேன்."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டார்.

"வலிக்குது. அதுக்காகச் சொல்லலை. உங்க கை களைச்சுப் போச்சும்மா. எனக்கு உள்ளேருந்து தெரியுது."

இயந்திரத்தின் முனகல் மட்டும். கோபித்துக்கொண்டாரோ என்று குழாய்க்காரருக்குத் திக்கென்றது. கடைசியில் டாக்டரம்மா, பிடித்தது பிடித்தபடி இருக்கட்டும், யாரும் இழுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு, இடுக்கியை உதவி டாக்டரிடம் கொடுத்தார். கையுறையை உரிக்கிற சத்தம் கேட்டது. ஈய அங்கியின் பட்டையைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. கதவு திறந்து மூடியது.

அந்தப் பத்து நிமிஷம்தான் எல்லாவற்றிலும் நீளம். கழுத்திலிருந்து வயிறு வரை ஒரு குழல், அதற்குள் ஓர் இடுக்கி, இடுக்கியின் வாயில் கொக்கி, கொக்கியின் கீழே அவருடைய உயிர். தூண்டிலில் தொங்குகிற மீனை அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டு மீன்பிடிக்கிறவர் வீட்டுக்குப் போன மாதிரி. தானே கேட்டு வாங்கின தூண்டில். அவருக்கு அந்த மூன்றாவது அழைப்பின் பெண்குரல் நினைவுக்கு வந்தது. அன்றைக்குப் போயிருந்தால் கால் மணி நேர வேலையாம், டாக்டரம்மாவே சொன்னார். யாரோ ஒரு பெண், முகம் தெரியாத இவருக்காக மூன்று தடவை எண்ணைச் சுழற்றியிருக்கிறாள். அவள் சொன்னதை ஒரே ஒருவர் காதில் வாங்கியிருந்தால் போதும், இவருடைய மனைவி. மனைவியின் காதுக்குப் போகாமல் அடைத்தது யார்? அடைத்தது வடிகட்டி இல்லை.

டாக்டரம்மா திரும்பி வந்தார். புதுக் கையுறை. கருவியைத் தொட்டதுமே குழாய்க்காரருக்குத் தெரிந்துவிட்டது, பழைய கை வந்துவிட்டது.

"இழுக்கப் போறதில்லைய்யா. சும்மா பிடிச்சுக்கிட்டு, குழலை மட்டும் கம்பி மேலே தள்ளப் போறேன். நேரம் ஆகும்."

"ஆகட்டும்மா."

எவ்வளவு ஆயிற்று என்று அவருக்குத் தெரியாது. மூச்சை இழுங்கள், பிடியுங்கள், விடுங்கள். மயிரிழை மயிரிழையாகக் குழல் கம்பியின் மேல் ஏறியது. திடீரென்று உள்ளே டக்கென்று ஓர் அதிர்வு. மறுபடி மருந்து ஏற்றினார்கள், மறுபடி அந்தச் சூடு. கசிவு இருக்கிறதா என்று திரையை ஐந்தாறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டார். வயிற்றுக்குள் ரத்தம் கொட்டினால் எப்படி இருக்கும்? சூடாகவா, குளிர்ச்சியாகவா?

"கசிவு இல்லை," என்றார் டாக்டரம்மா. அதைச் சொன்ன குரலில் பாதி காற்று.

கழுத்தைப் பத்துப் பதினைந்து நிமிஷம் அழுத்திப் பிடித்து, துணியை எடுத்தார்கள். வெளிச்சத்தில் கண் கூசியது. டாக்டரம்மா ஒரு சின்னக் கிண்ணத்தைக் கொண்டுவந்து காட்டினார். சிலந்தி செத்துக் கிடந்த மாதிரி கம்பிகள் சுருண்டு கிடந்தன. கண்ணாடி இல்லாததால் எண்ணமுடியவில்லை. டாக்டரம்மாவே எண்ணிச் சொன்னார். ஐந்து கால் வந்துவிட்டது, ஆறாவது கால் பாதியில் ஒடிந்து முதுகெலும்புப் பக்கத்துச் சதைக்குள்ளேயே நின்றுவிட்டது. அது ரத்தக்குழாய்க்கு வெளியே இருப்பதால் இப்போதைக்கு ஆபத்தில்லை. அதை நோண்டப் போனால் இதைவிடப் பெரிய வேலை. வருஷத்துக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதுகுவலி முழுசாகப் போகுமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

"வெளியே உங்க வீட்டம்மா இருக்காங்க. நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்மா," என்றார்.

சாய்ந்த கட்டிலில் வைத்து வேறோர் அறைக்குக் கொண்டுபோனார்கள். வலது கழுத்தில் தடித்த பஞ்சுக்கட்டு. நாலு மணி நேரத்துக்கு அந்தப் பக்கம் தலையைத் திருப்பவே கூடாது என்று நர்ஸ் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள். கதவு அந்தப் பக்கம்தான் இருந்தது. கதவு திறக்கிற சத்தமும், நாற்காலியை இழுக்கிற சத்தமும் கேட்டது. அந்த நாற்காலியை அப்படித் தூக்காமல் இழுக்கிறவள் ஒருத்திதான். வந்து உட்கார்ந்துவிட்டாள். பேசவில்லை. அவரால் பார்க்கவும் முடியவில்லை.

எல்லாம் வந்துவிட்டது என்ற சொல் நாக்கு நுனிக்கு ஓடி வந்து நின்றது. வழவழவென்று, பழகின சொல். சொன்னால் அவள் நிம்மதியாக மூச்சு விடுவாள். சுலபம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மருந்து வரிசையிலிருந்து அவள் வந்தபோதும் இப்படித்தான் சுலபமாக இருந்தது.

"பாதிக் கால் ஒண்ணு உள்ளே நின்னுபோச்சு," என்றார், எதிர்ச்சுவரைப் பார்த்து. "மத்ததெல்லாம் வந்துடுச்சு. இது வராது. வருஷா வருஷம் படம் எடுக்கணுமாம். வலி போகுமான்னும் தெரியலை."

"டாக்டர் சொன்னாங்களா, நீங்களா சொல்றீங்களா?"

"டாக்டர் சொன்னதுதான்."

"அதை விட்டா என்ன ஆகும்னு கேட்டீங்களா?"

"இப்போதைக்கு ஆபத்தில்லைன்னாங்க."

"இப்போதைக்குன்னா எவ்வளவு நாளைக்கு?"

அவர் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றே சொன்னார்.

நாற்காலி பின்னால் நகர்ந்தது. "நான் போய் அவங்ககிட்டயே கேட்டுட்டு வர்றேன்," என்றாள். குரலில் கோபம் இருந்ததா என்று அவருக்குப் பிடிபடவில்லை. முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். "தலையைத் திருப்பாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் திருப்பவில்லை. வெளியே நீளமான தாழ்வாரத்தில் எத்தனையோ பேருடைய செருப்புச் சத்தம். அதில் அவளுடையதைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, அது தேய்ந்து மறைகிற வரை கேட்டார். பிறகு, அது எப்போது திரும்பி வரும் என்று காதைக் கொடுத்தபடி கிடந்தார்.